இன்னொருவர் கனவுக்கு எடுத்துக்கொண்ட சிகிச்சை

மனநல மருத்துவரிடம் போய், வேறொருவர் கண்ட கனவை என்னுடையது என்று சொல்லி, நான்கு வாரம் அதற்குச் சிகிச்சையும் பெற்றுக்கொண்டவன் நான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனுக்காவது மதிப்பெண் கிடைக்கும். நான் காப்பியடித்ததோ என் சொந்த மனத்தைப் பற்றிய பரீட்சையில். அதிலும் மாட்டிக்கொண்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மருத்துவக் கருவிகளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. ‘இயந்திரம் இயங்காவிட்டால் முதலில் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்கிற ஒரே விஷயத்தைப் பதினெட்டு வருடமாக வெவ்வேறு சொற்களில் எழுதி வருகிறேன். ஐம்பத்தோராவது வயதில் ஒருநாள், ஆபீஸ் காபி மெஷின் முன்னால் கோப்பையோடு நின்றேன். காபி பட்டனை அழுத்துவதா டீ பட்டனை அழுத்துவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. கொஞ்ச நேரத்தில், இரண்டுமே எதற்கு என்று தோன்றியது. அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் வரிசை கட்டி நின்றார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஏழு பேரும் நல்லவர்கள். மெஷின் ரிப்பேர் என்று நினைத்திருக்கிறார்கள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எனக்குள் எழுந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். குப்பைக் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்த பிறகும் அந்தக் கேள்வி எழலாம் என்றாள். ஆனால் அதன் பிறகு இரண்டு மூன்று காலைகளில், சட்டைப் பொத்தானைப் பாதி வரை போட்டுவிட்டு நான் ஜன்னலைப் பார்த்து நிற்பதைக் கண்டவள், சக டீச்சர் ஒருவரிடம் கேட்டு ஒரு டாக்டரின் நம்பரை வாங்கி வந்தாள். மாத்திரை அதிகம் தராதவர், தத்துவத்தை வைத்து வைத்தியம் பார்க்கிறவர் என்று சொன்னார்களாம். தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதி குணமாகிவிட்டது. அதுதான் கெடுதலுக்கு ஆரம்பம்.

எதற்கும் படித்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு உண்டு. பல் டாக்டரிடம் போகும்போதுகூடக் கடைவாய்ப் பல்லின் வேர்களைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். எனவே அந்த வைத்திய முறையைத் தொடங்கி வைத்தவர் யார் என்று தேடி, அவரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். சென்ற நூற்றாண்டில் வாழ்ந்த ஐரோப்பிய மனநல மருத்துவர் அவர். அவர் காலத்தில் மனக்கோளாறுக்கு இரண்டு விளக்கங்கள்தான் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. மூளையில் பழுது என்பது ஒன்று. சிறுவயதில் பழுது என்பது மற்றொன்று. இவர் இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் தத்துவவாதிகள் வீட்டுக்குள் வைத்துப் பேசிக்கொண்டிருந்த கேள்விகளை வைத்திய அறைக்குள் கொண்டுவந்து போட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் எப்படிப்பட்ட உலகத்தில் வாழ்கிறார்? அந்த உலகத்தில் கூரை எவ்வளவு உயரம்? கதவு எந்தப் பக்கம்? கூட யாராவது இருக்கிறார்களா? நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன் இவற்றைக் கேட்க வேண்டும் என்றார். சுற்றியுள்ள பொருள்களின் உலகம், மற்ற மனிதர்களோடு பகிர்ந்துகொள்ளும் உலகம், தனக்குத் தானே வைத்திருக்கும் உலகம் என்று மனிதனுக்கு மூன்று உலகங்கள் உண்டு என்பது அவர் கணக்கு.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது அவருடைய மலையேறியைப் பற்றிய பகுதி. சிலர் தங்கள் அனுபவத்தின் அகலத்துக்குப் பொருந்தாத உயரத்துக்கு ஏறிவிடுகிறார்கள். ஓரிடத்தில் மேலேயும் போக முடியாமல், கீழேயும் இறங்க முடியாமல் சிக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் சிக்கியவரிடம் கீழே நின்று அறிவுரை கத்திப் பயனில்லை. இன்னொருவர் ஏறிப்போய், பக்கத்தில் நின்று, கூட்டிவர வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் பென்சிலால் கோடு போட்டேன். என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

படித்ததெல்லாம் ஆபீஸுக்காக வாடகைக்கு ஓடும் காரில். அடுகோடியில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் டிரைவரின் வீடும். அதனால் காலையில் முதலில் ஏறுகிறவன் நான். பின்சீட்டில் இடது மூலையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவிடுவேன். வழியில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஏறுவார்கள். இருவரும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டால் ஆபீஸ் வாசலில்தான் எடுப்பார்கள். நான்கு பேர் போகிற காரில் டர்ன் இண்டிகேட்டரின் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த நாட்களில் கார், எலெக்ட்ரானிக் சிட்டி வரை போகும் நீளமான மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. மேலே போனால் பத்து நிமிடத்தில் முடிகிற தூரம், கீழே சிக்னலுக்குச் சிக்னல் நின்று முக்கால் மணி நேரம் இழுக்கும். எனக்குப் படிக்க நேரம் கிடைத்ததால் நான் கவலைப்படவில்லை. மற்ற இருவருக்கும் தினம் லாகின் லேட். புகார் போனது. ஒருநாள் காலை, அந்த இருவரும் ஏறுவதற்கு முன்னால், டிரைவர் கண்ணாடி வழியே என் புத்தகத்தைப் பார்த்து என்ன புக்கு என்று கேட்டார். மனசைப் பற்றி என்றேன். ஒரு சிக்னல் முழுக்க யோசித்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“சார், இருவத்திரெண்டு வருஷமா வண்டி ஓட்டறேன். பீன்யாவுல இருந்து ஓசூருக்கு லோடு அடிச்சவன். ஒன்றரை மாசமா அந்தப் பாலத்துல ஏறுனா கை வேர்த்து ஸ்டீரிங் வழுக்குது. வெளிய சொன்னா சிரிப்பானுங்க. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல ஃபாஸ்டேக் ரிப்பேர்னு சொன்னேன், மேல ஆக்சிடென்ட் ஜாம்னு சொன்னேன். இப்ப அவனுங்க ஜிபிஎஸ் பாத்துட்டானுங்க. மாசக் கடைசிக்குள்ள மேல போகலைன்னா வண்டிய எடுத்துக்கினு போயிடுன்னுட்டான்.”

இதைச் சொன்னதும் மடை திறந்ததுபோலக் கனவையும் சொன்னார். கனவில் மேம்பாலத்தில் ஏறிவிடுகிறார். பாலம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இறங்கும் வழி மட்டும் வருவதில்லை. கீழே எட்டிப் பார்த்தால் அவர் வீட்டு மொட்டைமாடி தெரிகிறது. கொடியில் துணி காய்கிறது.

“என் சட்டதான் சார் அது. காயுது. நான் மேலயே போயினு இருக்கேன்.”

ஒரு மனிதர் தன் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தை என் முன் வைக்கிறார். அப்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தோன்றியது இதுதான்: நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம். அச்சு அசலாக அதே மலையேறி.

டாக்டரின் அறை கன்டோன்மென்ட் பக்கம், ஒரு சர்ச்சுக்கு எதிர்வரிசையில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படுக்கச் சொல்லுவார்கள் என்று நினைத்து ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு போனேன். அங்கே கட்டில் இல்லை, சோபாவும் இல்லை. ஒரே உயரத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். அறுபதைத் தாண்டிய டாக்டரம்மா, கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் பள்ளிக்கூட நோட்டு. கனவு ஏதாவது வருகிறதா என்று கேட்டார்.

எனக்குக் கனவு வராமல் இல்லை. ஆனால் என் கனவை வெளியே சொல்ல முடியாது. பாம்பு, கடல், பாதாளம் என்று எதுவும் கிடையாது. நான் ஒரு வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் கனவு. இத்தனை தத்துவம் படித்த டாக்டரிடம் போய் இதையா சொல்வது என்று கூச்சமாக இருந்தது. விருந்துக்குப் போகிறவன் பக்கத்து வீட்டு வாட்சைக் கட்டிக்கொண்டு போவதுபோல, டிரைவரின் கனவைச் சொன்னேன். கொடியில் காயும் சட்டையைக்கூட மாற்றவில்லை.

டாக்டரம்மா நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாலம் எதைக் குறிக்கிறது என்று கேட்பார், உடனே நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து விடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, “வண்டி எந்த கியர்ல போயிட்டிருந்துச்சு?”

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் கிடையாது. ஐந்தாவது கியர் என்றேன். கியர் எப்படிப் போட்டீர்கள் என்றார். வலப்பக்கம் தள்ளிக் கீழே இழுத்தேன் என்று கையால் செய்து காட்டினேன். எங்கள் காரில் அது ரிவர்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. மழையா வெயிலா, ஜன்னல் திறந்திருந்ததா, கூட யார் இருந்தார்கள் என்று தொடர்ந்து கேட்டார். யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சொந்தக் கனவில் யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டவன் அந்த அறையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை டிரைவரிடம், கனவில் வண்டி எந்த கியர் என்று கேட்டேன். மூணாவது என்றார் யோசிக்காமல். எதற்கு என்றார். புக்கில் கேட்டிருக்கிறது என்றேன். அவருக்கு அந்தப் புத்தகத்தின்மேல் மரியாதை வந்துவிட்டது.

இப்படியே நடந்தது. வாரத்துக்கு ஒருமுறை கன்டோன்மென்டில் கேள்விகளை வாங்கி அடுகோடியில் கொடுத்தேன். அடுகோடியில் பதிலை வாங்கிக் கன்டோன்மென்டில் சேர்த்தேன். டாக்டர் நான் கனவு காண்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். டிரைவர், நான் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் நாளாக நாளாகக் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். நேற்று வெயில் சார், ஜன்னல் இறக்கியிருந்தது சார், ரேடியோவில் ஆள் பேசாமல் கொர்ரென்று சத்தம் மட்டும் வந்தது சார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் கார் மட்டும் கீழ்ரோட்டிலேயே போனது. மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. டிரான்ஸ்போர்ட் டெஸ்க் சூப்பர்வைசர் வேறொரு டிரைவரின் நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது.

கூட யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் டிரைவர் நழுவிக்கொண்டே இருந்தார். நான்காவது வாரம் ஒருநாள், ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“கடைசில ட்ரிப் ஷீட்ல கையெழுத்து வாங்கணும்ல சார். பின்னாடி நீட்டறேன். யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. திரும்பிப் பாத்தா சீட்டு காலி. யார ஏத்தினு வந்தேன்னே தெரியல. அப்பதான் பேஜாராயிடுது.”

வழியில் ஏறும் அந்த இருவரும் ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுகூடப் போனைத்தான் பார்ப்பார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவேன். என் கையெழுத்து இரண்டு முறை அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே விழுந்திருக்கிறது.

அன்று மாலை இதை டாக்டரம்மாவிடம் ‘நான்’ என்று தன்மையில் மாற்றிச் சொன்னேன். ட்ரிப் ஷீட்டை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்தினார். மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கனவு ரொம்ப நல்லாருக்கு. யாரோடது?”

கீழே செருப்புக் கடையில் யாரோ எட்டாம் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது தெரிந்தது என்று கேட்டதற்கு, முதல் நாளே என்றார். பாலத்தின் மேல் ரிவர்ஸ் கியரில் போகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லையாம். பிறகு ஏன் நான்கு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்றேன்.

“கேள்வி எங்கயோ போய்ச் சேருது, அங்கருந்து உண்மையா பதில் வருதுன்னு தெரிஞ்சுது. உங்களால அவ்வளவு பிரயோஜனமாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அந்த மனிதர் கீழ்ரோட்டில்தான் ஓட்டுகிறாரா என்று உறுதி செய்துகொண்டார். தன்னிடம் அழைத்து வரச் சொன்னார். அதன் பிறகு, என் சொந்தக் கனவு என்ன என்று கேட்டார். தப்பிக்க வழியில்லை. வங்கியில் உட்கார்ந்திருக்கிறேன், என் டோக்கன் நாற்பத்தேழு, நிமிர்ந்து பார்க்கும்போது நாற்பத்தெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். நாற்பத்தேழு வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். சுவரில் இருந்த போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். போர்டில் என்ன எழுதியிருந்தது?

“டோக்கன் எண்ணைக் கவனிக்கவும்.”

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். நானும் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டா வெளியே கடன் வாங்கினீர்கள் என்று கேட்டார். பிறகு அந்த ஐரோப்பியரின் மலையேறியை அவரே எடுத்தார். மலையில் ஏறித்தான் சிக்க வேண்டும் என்பதில்லை, புத்தகத்தின் மேல் ஏறியும் சிக்கலாம் என்றார்.

மறுநாள் டிரைவரிடம் ஒப்புக்கொண்டேன். அவருடைய கனவை என் பெயரில் ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். மூன்று சிக்னல் அவர் பேசவில்லை. வண்டியை நிறுத்தி இறக்கிவிடுவார் என்று நினைத்துப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நான்காவது சிக்னலில், “டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்றார்.

வரச் சொல்கிறார் என்றேன். மாட்டேன் என்றார். மனசு டாக்டரிடம் போனது டெஸ்க்குக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே வண்டியை வேண்டாம் என்றுவிடுவார்கள், வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு யாரையும் ஏற்றாமல், நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏறலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். இறங்கியதும் ட்ரிப் ஷீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக ஒன்று.

“நீங்க பேச வேணாம். விளக்க வேணாம். பக்கத்துல இருங்க, போதும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல்முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ரோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டிரைவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஸ்டீரிங்கின் மேல் ஒரு துண்டு. பாலத்தின் தூண்கள் கண்ணில் படும் முன்பே, அவரை முந்திக்கொண்டு எனக்குக் கை வேர்த்தது. பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும்.

அடுகோடி சிக்னல் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன். ஐரோப்பாவில் ஒரு டாக்டர் இருந்தார் என்றேன். மூன்று உலகங்களைச் சொன்னேன். இரண்டாவது உலகத்துக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும்போது ஓர் உதாரணம் தவறிவிட்டதால், மறுபடி முதல் உலகத்திலிருந்து தொடங்கினேன். பாலத்துக்கு ஏறும் இடம் வந்தது. டிரைவர் வண்டியை இடப்பக்கம் ஓரம்கட்டினார். கீழ்ரோட்டைப் பார்த்தார். மேலே போகும் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அப்போது மலையேறிக்கு வந்திருந்தேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, மேலே ஏற்றிவிட்டார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். இருபுறமும் மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், துணிக்கொடிகள் ஓடின. அவர் எதையும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக ஓட்டினார். மலையேறி உச்சியில் சிக்கிக்கொண்ட கட்டத்தை நான் முடிப்பதற்குள் கார் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தினார். ட்ரிப் ஷீட்டை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டேன். முகத்தைப் பார்த்ததால் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவர் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது டெஸ்க்கில் கொடுக்க வேண்டிய தாள். கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மற்ற இருவரோடும் மேலே போனோம். நான் முன்சீட்டில். செவ்வாய்க்கிழமையும். பேச்சும் தொடர்ந்தது. பின்னால் இருந்த இருவரும் இயர்போனை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகிக்கொண்டார்கள். மாசக் கடைசியில் சூப்பர்வைசர் அந்த வேறு டிரைவரைக் கூப்பிடவில்லை. டாக்டரம்மாவிடம் வெற்றியை அறிவித்தேன். பேசினீர்களா என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என் சிகிச்சை இன்னும் நடக்கிறது, இப்போது என் சொந்தக் கனவுக்கு. சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுவிடுகிறேன். குப்பையையும் வைக்கிறேன்.

ஆனால் தத்துவம் ஒரு மனிதனின் பிழைப்பைக் காப்பாற்றியதை நேரில் பார்த்தவன் என்ற கர்வம் எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. யாரிடமாவது அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. மூன்று மாதம் கழித்து ஒருநாள், மேம்பாலத்தின் நடுவில் நாலாவது கியரில் ஒற்றைக் கையால் அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அன்றைக்கு ஓரம்கட்டி நின்றபோது எது அவரை மேலே ஏற்றியது? மூன்று உலகங்களா, மலையேறியா?

டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். கீழ போனா முக்கா மணி நேரம் நீங்க பேசுவீங்க. மேல போனா பத்தே நிமிஷம்.”